செபாங்குக்கு ஏற்ற பைக், துவாஸுக்கு ஏற்ற பைக்

என் அக்கா மகனுக்குச் சென்ற மாதம் வகுப்பு 2 மோட்டார்சைக்கிள் உரிமம் கிடைத்தது. அன்று மாலையே சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். கைப்பேசியில் இரண்டு படங்கள் வைத்திருந்தான். ஒன்று யமஹா ஆர்6: நீல நிறம், கூர்மையான மூக்கு, தூக்கி நிற்கும் வால். இன்னொன்று ஹோண்டா என்சி750எக்ஸ்: சாம்பல் நிறம், உயர்ந்த கைப்பிடி, பின்னால் பெட்டி மாட்டத் தாங்கி. இரண்டுமே பழைய வண்டிகள், வண்டி வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் சில ஆண்டுகள் மீதமிருப்பவை. "எதை வாங்கலாம் மாமா?" என்று கேட்டான். கேட்டது இரண்டைப் பற்றி. கண் மட்டும் நீல வண்டியை விட்டு நகரவில்லை.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வயதில் நான் வாங்கியதும் ஆர்6தான். நான்கு ஆண்டுகள் அதை வைத்திருந்தேன். ஈசூனிலிருந்து தீவின் மேற்குக் கோடியில் துவாஸில் உள்ள பட்டறைக்கு நாள்தோறும் அதில்தான் போய் வந்தேன். பிறகு விற்றுவிட்டு என்சி750எக்ஸ் வாங்கி, இன்றுவரை அதே வழியில் அதே வேலைக்குப் போகிறேன். இரண்டு வண்டிகளையும் ஒரே சாலையில், ஒரே மழையில், ஒரே நெரிசலில் ஓட்டியவன் என்பதால் அவனிடம் சொன்னவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். அவனைப் போல் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் பலரை எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் இந்த ஆசை எப்படி வளர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே யாரும் நேராகப் பெரிய வண்டியில் ஏறிவிட முடியாது. முதலில் 2பி உரிமம். 200 சிசி வரை. ஓராண்டு முடிந்த பிறகு 2ஏ. 400 சிசி வரை. அதற்கும் ஓராண்டு கழித்துத்தான், அதைவிடப் பெரிய வண்டிகளுக்கான வகுப்பு 2. பாட வகுப்புக்கும் தேர்வுக்கும் இடம் கிடைக்கக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் மூன்றாண்டுகூட ஆகிவிடும். அத்தனை நாளும் சின்ன வண்டியில், விரைவுச்சாலையின் இடது ஓரத்தில், லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டே பெரிய வண்டிகள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். காத்திருந்ததற்கெல்லாம் ஈடாக ஒன்று வேண்டும் என்று உள்ளம் கேட்கும். உரிமம் கைக்கு வந்த முதல் மாதத்தில் வண்டி வாங்காதே என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த மாதத்தில் நாம் தேடுவது வண்டியை விடவும் ஒரு பரிசைத்தான்.

ஆர்6 என்ன மாதிரி வண்டி என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1999-இல் வெளிவந்ததிலிருந்தே அது பந்தயத்தடத்தை மனத்தில் வைத்து வரையப்பட்ட வண்டி. விளக்கும் பதிவெண் தகடும் பக்கக் கண்ணாடியும் பொருத்தியிருப்பதால் சாலையில் ஓட்ட முடிகிறது, அவ்வளவுதான். அதன் 599 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் தன் முழுத் திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 14,500 சுற்றுகளில். இழுவிசை (டார்க்) உச்சத்துக்கு வருவது 10,500 சுற்றுகளில். அப்போதும் ஏறத்தாழ 62 நியூட்டன் மீட்டர்தான். என்சி750எக்ஸின் 745 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் 4,750 சுற்றுகளிலேயே 69 நியூட்டன் மீட்டர் தந்துவிடும். குதிரைத்திறனைப் பார்த்தால் ஆர்6 ஏறத்தாழ இரு மடங்கு. கடையில் எல்லாரும் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் பஸ் நிற்க, நாம் நகர வேண்டிய அந்த நொடியில் கைகொடுப்பது இழுவிசை.

நம் விரைவுச்சாலைகளில் அதிகபட்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். மற்றச் சாலைகளில் பெரும்பாலும் 50, 60. ஆர்6 ஆறாவது கியரில் 90-இல் போகும்போது எஞ்சின் ஐந்தாயிரம் சுற்றுகளை ஒட்டி முனகிக்கொண்டிருக்கும். அது உண்மையில் உயிர்பெறுவது பத்தாயிரத்துக்கு மேல். முதல் கியரிலேயே அந்த வண்டி 100-ஐத் தாண்டிவிடும். ஆக, அதை வடிவமைத்தவர்கள் அதற்குள் என்ன வைத்தார்களோ அதை இந்தத் தீவின் எந்தச் சாலையிலும் சட்டத்துக்கு உட்பட்டு அனுபவிக்க முடியாது. நான்கு ஆண்டுகளில் எனக்கு இது மெல்ல மெல்ல உறைத்தது. ஓடத் துடிக்கும் காளையைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதுபோல் இருந்தது. காளைக்கும் நிறைவில்லை, எனக்கும் நிறைவில்லை.

அடுத்தது உடம்பு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆர்6-இன் கைப்பிடிகள், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்தட்டுக்குக் கீழே பிணைக்கப்பட்டிருக்கும். கால் வைக்கும் கம்பிகள் பின்னாலும் மேலேயும் தள்ளி இருக்கும். இருக்கை உயரம் 850 மில்லிமீட்டர். இவை ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. உடலின் எடை முன் சக்கரத்தில் இறங்கினால் வளைவில் முன் டயர் நன்றாகப் பிடிக்கும். கால்கள் உயரத்தில் இருந்தால் வண்டியை எவ்வளவு சாய்த்தாலும் கம்பி தரையில் உரசாது. குனிந்திருந்தால் காற்று தலைக்கு மேல் வழுக்கிப் போகும்.

வேகம் கூடும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடித்து மணிக்கட்டின் பாரத்தைக் குறைக்கும். 50-இல் போகும்போது அந்தக் காற்று இல்லை. இடுப்புக்கு மேலுள்ள எடை முழுவதும் உள்ளங்கைகளில் வந்து உட்காரும். தொடைகளால் பெட்ரோல் தொட்டியை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசைகளால் உடலைத் தாங்கினால் கைகள் தளர்வாக இருக்கும். நல்ல ஓட்டுநர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடிந்து, காலை ஏழரை மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் நெரிசலில் நின்று நின்று நகரும்போது எந்த வயிற்றுத் தசை தாங்கும்? தீவு விரைவுச்சாலை, கிராஞ்சி, புக்கிட் தீமா, சிலேத்தார் என்று நான்கு விரைவுச்சாலைகள் மாறி வீட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வீட்டுக் கதவின் சாவியைத் திருப்ப முடியாமல் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

கிளட்ச்சையும் சொல்ல வேண்டும். ஆர்6-இன் முதல் கியர் நீளமானது. நடக்கும் வேகத்தில் ஊர வேண்டுமென்றால் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் விடுமுறைக்கு முந்தின நாள் வரிசையில் நின்றவர்களுக்கு இது என்னவென்று விளங்கும். இப்போது கியூஆர் குறியீடு வந்த பிறகு சாவடியில் கடவுச்சீட்டை எடுத்து நீட்டும் வேலை குறைந்திருக்கிறது. வரிசையில் நிற்கும் நேரம் நின்றே தீர வேண்டியது. என் என்சியில் இரட்டை கிளட்ச் தானியங்கிக் கியர். இடது கைக்கு வேலையே இல்லை. முதல் முறை அதில் கடற்பாலத்தைக் கடந்தபோது, இத்தனை நாள் எதற்காக அவ்வளவு வலித்தது என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

வெப்பம் இன்னொன்று. நண்பகலில் 32 டிகிரி உள்ள ஊரில், முழுவதும் பிளாஸ்டிக் உறை போர்த்திய நான்கு சிலிண்டர் எஞ்சின் சிவப்பு விளக்கில் நின்றால் விசிறி ஓடத் தொடங்கும். அந்தச் சூடான காற்று வெளியேற இருக்கும் வழி நம் தொடைகள். காற்சட்டைக்கு உள்ளே தோல் சிவந்துபோகும் அளவுக்குச் சுடும். ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்க சிராங்கூன் சாலை விடாது.

மழைக்கு வருகிறேன். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் மழை பெய்கிற இடம் இது. பந்தயத்தடத்தை எண்ணிச் செய்யப்பட்ட மென்மையான டயர்கள் சூடேறினால்தான் ஒட்டும். நனைந்த சாலையில் 50-இல் போகும்போது அவை சூடேறுவதில்லை. மழைக்கேற்ற டயரை ஆர்6-இலும் மாட்டலாம், நானும் பிறகு மாட்டினேன். ஆனால் இன்னொரு சிக்கலுக்குத் தீர்வே இல்லை: மழைச்சட்டையை எங்கே வைப்பது? ஆர்6-இன் பின்னிருக்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டையும் காப்புறுதிச் சான்றும் வைக்கலாம். முதுகுப் பையில் மழைச்சட்டை, மதிய உணவு, மாற்று உடை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு குனிந்து ஓட்டினால் பையின் எடையும் மணிக்கட்டுக்கே போகும். என்சி750எக்ஸில் வழக்கமாகப் பெட்ரோல் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. முகம் மூடிய தலைக்கவசம் ஒன்று அதில் முழுதாக அடங்கும். பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் போய்விட்டது. மேம்பாலத்தின் அடியில் மற்றவர்களோடு ஒதுங்கி நின்று, பெட்டியைத் திறந்து மழைச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுவேன். இதை வசதி என்று சொன்னால் சிறிதாகத் தோன்றும். அந்த இரண்டு நிமிடத்தால் நான் வேலைக்குத் தாமதமாகப் போன நாள்கள் குறைந்துவிட்டன.

பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பெரியவர்கள் எல்லாரும் ஸ்போர்ட்ஸ் பைக்கையே குற்றவாளி ஆக்குகிறார்கள். அக்காவும் அப்படித்தான் பேசினார். அது முழு உண்மை ஆகாது. ஆர்6-இன் பிரேக்கும் சஸ்பென்ஷனும் சட்டகமும் என் இப்போதைய வண்டியில் இருப்பவற்றைவிட மேலானவை. தேவையான நேரத்தில் அது சொன்ன இடத்தில் நிற்கும், திருப்பிய பக்கம் திரும்பும். ஆனால் நான் வைத்திருந்த வண்டியில், பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. ஆர்6-க்கு ஏபிஎஸ் 2017 மாடலில்தான் வந்தது. பழைய வண்டி பார்க்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலாக அதற்கும் முன்னால் இருப்பது தெரியும். குனிந்தால் அந்தக் காரின் பின்விளக்குதான் தெரியும். சிங்கப்பூரில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். நம்மைக் காப்பதில் பெரும்பங்கு முன்கூட்டியே பார்ப்பதுதான். பார்வையின் உயரத்தை நான் குதிரைத்திறனுக்கு மேலாக வைப்பேன்.

மெதுவான வேகத்தில் நடக்கும் சிறு விபத்துகளும் உண்டு. பந்தய வண்டியின் கைப்பிடி இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் திரும்பும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாகன நிறுத்துமிடத்தில், நெருக்கமாக நிற்கும் வண்டிகளுக்கு இடையே திருப்பி எடுக்க முயன்று என் ஆர்6-ஐ ஒருமுறை சாய்த்துவிட்டேன். நடந்துகொண்டே தள்ளும் வேகம்தான். பக்க உறை உடைந்தது, கண்ணாடி போனது, கிளட்ச் பிடி வளைந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவில் ஒரு குடும்பம் ஊருக்குப் போய் வரலாம். உறையில்லாத வண்டி அப்படிச் சாய்ந்தால் பெரும்பாலும் ஒரு கீறலோடு எழுந்துவிடும்.

இனி பணம். சிங்கப்பூரில் இது மற்ற நாட்டுக் கணக்கு போல் இருக்காது. எந்த வண்டியானாலும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். மோட்டார்சைக்கிளுக்கான டி பிரிவில் அதன் விலை 2022-இல் 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டியது. ஒரு பேச்சுக்கு 9,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 900. நாள்தோறும் ஓட்டினால் நாளொன்றுக்கு இரண்டரை வெள்ளி. பஸ், ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்புவதற்கே 17 வெள்ளி. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் சான்றிதழ் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

புது வண்டி என்றால் கூடுதல் பதிவுக் கட்டணமும் சேரும். வண்டியின் இறக்குமதி மதிப்பில் முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000-க்கு 50 விழுக்காடு, 10,000-க்கு மேல் உள்ளதற்கு 100 விழுக்காடு. 2017-இல் வந்த இந்த அடுக்கு முறை பந்தய வண்டிகளைத்தான் அதிகம் அடிக்கிறது. 8,000 வெள்ளி மதிப்புள்ள வண்டிக்கு 2,250 வெள்ளி கட்ட வேண்டும். 15,000 வெள்ளி மதிப்புள்ளதற்கு 8,250. மதிப்பு இரு மடங்குகூட ஆகவில்லை, கட்டணம் மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. காருக்குப் பத்தாண்டுக்குள் பதிவை ரத்துசெய்தால் கிடைப்பது போன்ற கழிவு மோட்டார்சைக்கிளுக்குக் கிடையாது. அந்தப் பணம் போனது போனதுதான்.

அன்றாடச் செலவில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆர்6 லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, என்சி 27 கொடுக்கிறது. போக வர 70 கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் வித்தியாசம். ஆர்6-இன் பின் டயர் 6,000 கிலோமீட்டரில் வழுக்கையாகிவிடும். எனக்கு அது நான்கு மாதம். இப்போது போடும் நெடும்பயண டயர் அதைப்போல் இரண்டு மடங்கு தாங்குகிறது. காப்புறுதிக் கட்டணம் அப்போது கூடுதலாக இருந்தது. பந்தயத்தடத்தில் நடக்கும் எதற்கும் அது பொறுப்பேற்காது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அக்கா மகனைப் போல் இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள், விலை பேசுவதற்கு முன்பே காப்புறுதிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட வேண்டும்.

பின்னிருக்கை பற்றி ஒரு வார்த்தை. திருமணமான புதிதில் என் மனைவி ஆர்6-இன் பின்னால் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்கு வந்தார். ஒரு முறைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வந்துவிட்டார். அந்த இருக்கை பெயரளவில் இருப்பது. ஓர் ஆளை உட்காரவைக்கும் எண்ணத்தோடு செய்தது இல்லை. இப்போது பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை அவரோடு போய், பின்பெட்டியில் வாழையிலையும் மஞ்சள்கொத்தும் இஞ்சிக்கொத்தும் நிரப்பிக்கொண்டு வருகிறோம். கரும்பை மட்டும் வேறு யாராவது காரில் கொண்டுவர வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஆர்6-ஐ நான் வெறுக்கவில்லை. அதை ஒரு நாளும் மறக்கவும் மாட்டேன். காரணம் செபாங், மலேசியாவில் உள்ள பந்தயத்தடம்.

நமக்கென்று ஒரு பந்தயத்தடம் இங்கே இல்லை. 1961 முதல் 1973 வரை தாம்சனில் கிராண்ட் பிரி நடந்தது. கார்களோடு மோட்டார்சைக்கிள்களும் ஓடின. பொதுச் சாலையையே அடைத்து நடத்தினார்கள். அந்தப் பழைய அப்பர் தாம்சன் சாலையில் இன்று போனால் ஒரு பக்கம் தாம்சன் இயற்கைப் பூங்கா, மரங்களில் குரங்குகள். வண்டிகள் அடக்கமாகப் போகின்றன. மரினா பேயில் 2008 முதல் ஃபார்முலா 1 நடக்கும்போதும் அது தற்காலிகமாக அடைக்கப்படும் நகரச் சாலைதான், நாம் ஓட்டுவதற்கு இல்லை. சாங்கியில் நிரந்தரத் தடம் அமைக்கும் திட்டமும் பிறகு கைவிடப்பட்டது. ஆகவே வேகம் வேண்டுமென்றால் கடற்பாலத்தைத் தாண்டி ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே போக வேண்டும். செபாங் தடம் 1999-இல் திறக்கப்பட்டது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள்.

நான் ஆண்டுக்கு இரண்டு முறை போனேன். பின்னிரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் இருட்டிலேயே ஓட்டிப் போவோம். அங்கே மோட்டார்சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு நாடா ஒட்டி, தோலுடை மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்கிய முதல் முறையே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துவாஸ் வழியில் என்னை வதைத்த அதே கைப்பிடி, நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தபோது சரியான இடத்தில் இருந்தது. அதே உயர்ந்த கால்கம்பி, ஐந்தாவது ஆறாவது வளைவுகளில் வண்டியைச் சாய்த்தபோது தரையைத் தொடவே இல்லை. பன்னிரண்டாயிரம் சுற்றுகளுக்கு மேலே அந்த எஞ்சின் எழுப்பும் குரலை நான் சிங்கப்பூரில் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. மணிக்கட்டு வலிக்கவில்லை, காற்று என்னைத் தாங்கியது. வண்டிமீது எனக்கிருந்த கோபமெல்லாம் அன்று கரைந்துபோனது. குற்றம் வண்டியில் இல்லை. நான் அதைக் கொண்டுபோன இடம்தான் தவறு.

மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்து, அதே வண்டியில் 300 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் படம் போடுவதில்லை. யோங் பெங்குக்கு அருகே ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நானும் நண்பரும் பேசாமல் தரையில் படுத்துக்கிடந்தோம்.

அந்த நண்பர்தான் பிறகு எனக்கு வேறு வழி காட்டினார். தடத்தில் ஓட்டுவதற்கு அங்கேயே வண்டியை வாடகைக்குத் தருகிறார்கள். டயர், பிரேக் எல்லாம் தடத்துக்கென்றே தயார் செய்தவை. விழுந்தால் ஆகும் செலவுக்கான விதிகளை முன்பே படித்துக் கையெழுத்திட வேண்டும், அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நாள் வாடகை என்பது பார்க்கப் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நாளுக்காக மீதி 363 நாளும் ஒரு பந்தய வண்டிக்குச் சான்றிதழும் காப்புறுதியும் டயரும் கட்டிக்கொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் எனக்கு அது குறைவாகவே வந்தது. வீழ்ந்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வண்டி வீட்டில் பத்திரமாக நிற்கும்.

நடுவில் ஒரு வழி இல்லையா என்று அக்கா மகன் கேட்டான். இருக்கிறது. யமஹா ஆர்7, எம்டி-07 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே 689 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின். கீழ்ச் சுற்றுகளிலேயே நன்றாக இழுக்கும், எரிபொருளும் சிக்கனம். ஆர்7-க்குத் தாழ்ந்த கைப்பிடி, முழு உறை, 835 மில்லிமீட்டர் இருக்கை. எம்டி-07-க்கு நிமிர்ந்த கைப்பிடி, 805 மில்லிமீட்டர். எஞ்சின் ஒன்றே என்பதால், உட்காரும் விதம் மட்டும் மாறினால் நம் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை இவை இரண்டும் நேராகக் காட்டிவிடும். முகத்துக்கும் வடிவத்துக்கும் மயங்குகிறவருக்கு ஆர்7 ஒரு நியாயமான சமரசம். ஆர்6 அளவுக்குக் கொடுமை இல்லை. ஆனாலும் என் தேர்வு எம்டி-07 பக்கமே சாயும். அதைச் செபாங்கில் ஒரு நாள் ஓட்டினாலும் சிரித்துக்கொண்டே வருவோம், திங்கட்கிழமை துவாஸுக்கும் போவோம்.

2ஏ உரிமத்திலேயே நின்றுவிட விரும்புகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் ஒரு தலைமுறையே ஓட்டிய வண்டி. தாழ்ந்த இருக்கை, சாதுவான குணம், ஆறாயிரத்துக்கு மேலே சுற்றினால் மட்டும் குரல் மாறும். 2022-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் இங்கே பழைய வண்டிகளுக்கு இன்னமும் மதிப்பு குறையவில்லை. கவாசாகி நிஞ்சா 400 உறை போர்த்தியிருந்தாலும் கைப்பிடி ஓரளவு உயரத்தில் இருப்பதால் நாள்தோறும் ஓட்டலாம். பெயரிலும் படத்திலும் ஸ்போர்ட்ஸ் என்று இருப்பவை எல்லாமே ஆர்6 மாதிரி கிடையாது. கைப்பிடி மேல்தட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆர்6 போன்ற வண்டி யாருக்கு? வேலைக்கு ரயிலிலோ காரிலோ போகிறவர், ஆண்டில் நான்கைந்து முறையாவது தடத்துக்குப் போகிறவர், வண்டி நிற்கும் நாள்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் வருத்தப்படாதவர். அப்படிப்பட்டவர் தாராளமாக வாங்கலாம், நான் பொறாமையோடு பார்ப்பேன். ஞாயிறு விடியற்காலையில் கோத்தா திங்கி, மெர்சிங் வரை நண்பர்களோடு போய் வருவதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தச் சாலைகளில் வேக வரம்பு 90, நடுவே பள்ளமும் மாடும் குரங்கும் உண்டு. அங்கே நல்ல சஸ்பென்ஷன் உள்ள நிமிர்ந்த வண்டியே களைப்பில்லாமல் கொண்டுபோகும். வேலைக்கும் ஒரே வண்டி, மனைவிக்கும் ஒரே வண்டி, மழைக்கும் ஒரே வண்டி என்றிருப்பவர் நீல வண்டியின் படத்தை மூடிவைக்க வேண்டும்.

அக்கா மகன் நான்காம் வகையைச் சேர்ந்தவன்: வேலைக்கும் வண்டி வேண்டும், தடத்திலும் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். செம்பவாங்கிலிருந்து ஜூரோங் தீவுக்குப் போகிறான், சுழற்சி வேலை. அவனிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். இரண்டு வண்டிக்காரர்களிடமும் கேட்டு, தன் முழு முதுகுப் பையோடு, மழைச்சட்டையோடு, வேலைக்குப் போகும் காலணியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதாது, இருபது நிமிடம் இறங்காமல் உட்கார வேண்டும். கைப்பிடியை முழுவதும் திருப்பி, தரையில் இரண்டு பாதமும் படுகின்றனவா என்று பார்த்து, பின்னிருக்கையில் அவனுடைய அம்மாவை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

அக்காவை ஏற்றிப் பார்த்திருக்கிறான். அவர் என்சியில் ஏறினார். நீல வண்டியில் ஏற மறுத்துவிட்டார். அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வலித்தது. அதனால் அடுத்த மாதம் அவனைச் செபாங்குக்கு அழைத்துப் போகிறேன். என் வண்டியில் இருவருமாகப் போகிறோம், அங்கே அவனுக்கு ஒரு ஆர்6 வாடகைக்குப் பேசியாகிவிட்டது. தோலுடை என்னுடையது, தோளில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம். அந்த நாள் முடிந்து வீடு திரும்பும் வரை எந்தக் கடையிலும் முன்பணம் கட்டுவதில்லை என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான்.